எங்கருந்து அண்ணனும் சேவுகம்பட்டி பஸ்ஸும்

“...அது சரி சார், ஆனா தொறந்தது யாரு?” என்று கேட்டார் எங்கருந்து அண்ணன்.

மில் மேனேஜர் அவரிடம் சொன்னது ரொம்பச் சின்ன வேலை. பஸ் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள், கையை நீட்டினால் எட்டும், அதை மூடி வண்டியை அனுப்புங்கள் என்றார், அவ்வளவுதான். வேடசந்தூர்ப் பக்கத்து மில் வாசல். மதிய வெயில். பஸ்ஸுக்குள்ளே ஷிப்ட் முடிந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஏற முடியாமல் அஞ்சாறு பெண்கள் டிபன் பையோடு நிற்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் கதவை மூடச் சொன்னால், உலகத்தில் உள்ளவர்கள் ஒன்று மூடுவார்கள், இல்லையென்றால் மூட மாட்டேன் என்று சண்டை போடுவார்கள். தொறந்தது யாரு என்று விசாரணை வைக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். திண்டுக்கல் ஜில்லா முழுக்கத் தேடினாலும் அவரைப் போலக் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர் கிடையாது. அவரிடம் ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்கிறவன் ஆயுசு குறைவது போல வேறு யாரிடமும் குறையாது.

எங்கள் ஆபீஸ் திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் பம்பு கடைக்கு மேலே, மாடியில். ஆபீஸ் என்றால் மூன்று மேஜை, ஒரு பீரோ, ஒரு ஆரோக்கியம் சார். அவர்தான் முதலாளி. அரிசி மண்டி, மருந்துக்கடை, நூல் மில் என்று யார் கேட்டாலும் அவர்களுக்கு வேண்டிய புரோகிராமை எழுதிக் கொடுப்போம். எழுதுகிறவர்கள் நானும் எங்கருந்து அண்ணனும். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மா இருக்க முடியாமல் நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டேன். அண்ணன் முறையாகப் படித்தவர். ஆனால் முறையாகப் படித்தவர்கள் எல்லாம் அவரைப் போல ஆகிவிடுவதில்லை என்பது ஊருக்கு நல்லது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது எனக்குத் தேவைப்படாமல் போயிற்று. “அண்ணே, மருந்துக்கடை ஃபைல் எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“எங்கருந்து?” என்றார்.

எங்கருந்து என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாதாம். நான் எங்கே நின்றுகொண்டு கேட்கிறேன் என்று சொன்னால், அங்கிருந்து எப்படிப் போவது என்று சொல்வாராம். நான் அவர் மேஜைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். உன்னைக் கேட்கவில்லை, உன் புரோகிராமைக் கேட்கிறேன், அது எங்கே நிற்கிறது என்றார்.

கம்ப்யூட்டர் விஷயத்தோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. கீழே ரோட்டில் ஒருவர் பைக்கை நிறுத்தி, ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் எங்கருந்து என்றார். இங்கேயிருந்துதான் என்றார் அவர். இங்கேயிருந்து என்றால் இந்தப் பக்கத்து ரோட்டிலிருந்தா, நடுவில் கட்டை இருக்கிறதே, அந்தப் பக்கத்து ரோட்டிலிருந்தா, இப்போதேவா, இல்லை சாயங்காலம் ஒருவழிப்பாதை ஆக்கின பிறகா என்று அண்ணன் வரிசையாகக் கேட்டார். வந்தவர் வேறு யாரையோ கேட்டு, ஸ்டேஷனுக்குப் போய், ரயிலைப் பிடித்து, திருச்சி தாண்டியிருப்பார். அண்ணன் ரோட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டே நின்றார்.

என்னையும் ஒருமுறை இப்படி அலைய விட்டார். அவர் வீட்டில் ஆடி மாதம் கறிச்சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார். வழி கேட்டேன். ஆபீசிலிருந்து இறங்கு, இடது பக்கம் ரெண்டாவது சந்து, சந்து முட்டுகிற இடத்தில் வலது, அப்புறம் மூன்றாவது வீடு என்றார். சுருக்கமாக, அழகாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலிருந்து கிளம்பி, இடது பக்கம் ரெண்டாவது சந்து, முட்டுகிற இடத்தில் வலது, மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு அம்மா வந்து, சிலிண்டர் எங்கேப்பா என்று கேட்டார். போன் போட்டேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். அண்ணனுக்கு என் மேல் கோபமே இல்லை.

“ஒங்கிட்ட ஆபீஸ்லருந்துதானே அப்பு சொன்னேன்? செத்த நேரம் ஆகும், பரவால்ல. ஆபீசுக்குப் போயிட்டு வா.”

வேறு வழியில்லாமல் பூட்டிக் கிடந்த ஆபீசுக்குப் போனேன். மாடிப்படி வரைக்கும் ஏறி இறங்கினேன். அங்கிருந்து அவர் சொன்னபடி நடந்தேன். அப்படியே கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் விட்டது. சாப்பாடு ஆறியிருந்தது. வழியில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் காரணம் என்னைப் போன்றவர்கள்தான் என்பார். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் முழு விலாசத்தை எழுதினால், சி என்றோ டி என்றோ ஒரு டிரைவ் எழுத்தில் தொடங்கும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அந்த எழுத்தே கிடையாது. எல்லா ஃபோல்டரும் ஒரே வேரிலிருந்து கிளை பிரிந்து போகும். ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவில் போடுகிற சாய்கோடு அதில் இடப்பக்கம் சாய்ந்தால் இதில் வலப்பக்கம் சாயும். நான் எழுதிய புரோகிராம் எல்லாவற்றிலும் டி டிரைவ் என்று முழு விலாசமும் எழுதியிருப்பேன். ஏனென்றால் என் கம்ப்யூட்டரில் டி டிரைவ் இருந்தது. இதை விட நியாயமான காரணம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார். “நீ புரோகிராம் எழுதல அப்பு, கல்வெட்டு வெட்டுற. கடைக்காரன் நாளைக்கு மெசின மாத்துனா கல்லத் தூக்கிட்டா போவான்?” என்பார்.

சாய்கோட்டை யாரும் கையால் போடக்கூடாது என்பது அவர் சட்டம். ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் தனித்தனியாகக் கொடுத்தால், நாம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறோம் என்று பார்த்து, அந்த ஊர் வழக்கப்படி கோடு போட்டு ஒட்டிக் கொடுக்கிற ஒரு சின்ன வசதி புரோகிராமிலேயே உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் தரகர். நீ போய்ப் பேசாதே, ரெண்டு வீட்டையும் தரகர்கிட்ட விட்டுடு என்பார். தொடங்குகிற இடம் எது என்பதை மட்டும் ஒரே ஒரு இடத்தில் எழுதி வைக்கணும், எல்லோரும் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளணும். இதை அவர் சொன்ன விதத்தில் ஒரு வருஷம் கேட்டால் நாமே தரகரிடம் ஜாதகம் கொடுத்துவிடுவோம்.

இரண்டாவது சட்டம் திறப்பது, மூடுவது. ஒரு ஃபைலை எழுதுவதற்குத் திறந்தால் எழுதி முடித்ததும் மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் கடைசியாக எழுதினது உள்ளே போய்ச் சேராமலே நின்றுவிடலாம். விண்டோஸில் ஒருவன் திறந்து வைத்திருக்கிற ஃபைலை இன்னொருவன் பெயர் மாற்றவோ அழிக்கவோ போனால் பெரும்பாலும் விடாது. லினக்ஸில் கையில் பிடித்திருக்கும்போதே பெயரை அழித்துவிட்டுப் போய்விடலாம், பிடித்திருக்கிறவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால் எந்த ஊராக இருந்தாலும் திறந்தவன்தான் மூட வேண்டும், வேறு யாரும் மூடக்கூடாது. இதுவரைக்கும் நியாயம்தான். இதை அவர் டீக்கடைக்கும் கொண்டு வந்தார்.

எங்கள் டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலின் மூடியை யாராவது திறந்து வைத்துவிட்டுப் போனால், நாமாக இருந்தால் மூடுவோம். அண்ணன் தொடமாட்டார். பிஸ்கட் எடுத்தவரைத் தேடிக்கொண்டு ரோட்டில் போவார். ஒருநாள் பழனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஆளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு இறக்கிக்கொண்டு வந்தார். அந்த ஆள் மூடியை மூடிவிட்டு, அடுத்த பஸ் வரைக்கும் இருக்கணுமே என்று இன்னொரு பிஸ்கட் எடுத்தார். டீக்கடைக்காரருக்கு அண்ணனைக் கண்டால் தனிப் பிரியம்.

ஆரோக்கியம் சார் ஒருமுறை மேஜை டிராயரைத் திறந்து போட்டபடி வத்தலக்குண்டுக்குப் போய்விட்டார். அண்ணன் போன் செய்தார். சார், டிராயர் திறந்து கிடக்கிறது. சரி மூடுய்யா. தொறந்தது நீங்க சார். சார் அங்கேயிருந்து சொன்னதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். மறுநாள் அவர் வந்தபோது டிராயர் அப்படியே திறந்திருந்தது. உள்ளே மோட்டார் கடைப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஏன்யா இப்படி உயிரை வாங்குற என்று கேட்டதற்கு அண்ணன் சாவதானமாகச் சொன்னார், நான் மூடினால் நீங்கள் அது திறந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று. அவருக்குத் தொல்லை இல்லாமல் நடந்தது பல் டாக்டரிடம் மட்டும்தான். வாயைத் திறந்ததும் அவரே, மூடியதும் அவரே.

இப்போது மில்லுக்கு வருகிறேன். எங்கள் ஆபீசுக்குச் சோறு போட்டது அந்த மில்தான். மற்றதெல்லாம் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம். அங்கே வேலைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மில் பஸ்ஸில் வருவார்கள். வாசலில் மெஷினில் விரலை வைப்பார்கள். வந்தவர்கள் யார், எந்தப் பஸ் என்று எங்கள் புரோகிராம் எழுதிக்கொள்ளும். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு லிஸ்ட் அடித்துக் கொடுக்கும். லிஸ்ட்டில் பேர் இருந்தால்தான் பஸ்ஸில் ஏறலாம், லிஸ்ட்டில் உள்ள எல்லோரும் ஏறினால்தான் பஸ் நகரலாம். முன்பு ஒரு பெண் ரெஸ்ட் ரூமுக்குப் போய்விட்டு வருவதற்குள் பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து இது அங்கே சட்டம். டிரைவர்கள் லிஸ்ட் இல்லாமல் சாவியைத் தொட மாட்டார்கள்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையாகப் பேசுவார், ஆனால் பேசினது பேசினதுதான். மில்லின் கம்ப்யூட்டர்களில் மாசம் ஒரு வைரஸ் புகுந்துகொண்டிருந்தது. பொங்கல் லீவில் எல்லாக் கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்றப் போகிறேன், லீவு முடிந்து முதல் ஷிப்டில் உங்கள் புரோகிராம் அதில் ஓட வேண்டும், ஓடவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேனுங்க என்று சொல்லிவிட்டார்.

ஆரோக்கியம் சார் வேலையை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் எழுந்திருக்கவே இல்லை. நான் வருஷக்கணக்காக வெட்டிய கல்வெட்டுகளை ஒவ்வொரு வரியாகத் தேடிப் பெயர்த்தார். டி டிரைவ் கிடைக்கிறபோதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். திட்ட மாட்டார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவது போல ஸ்கிரீனில் காட்டுவார், நான் பார்த்ததும் அழிப்பார். மார்கழி முழுக்க இதே. சாருக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் என் எதிரிலேயே சொன்னார். “இவ்வளவு நாளா ஒரே வேலையப் பாத்துட்டு இருக்கீங்க. மில்லு போச்சுன்னா எனக்கு ஒரு ஆளுக்கு மேல வச்சுக்கக் கட்டுப்படியாகாது. போறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

அண்ணன் தலையை ஆட்டினார். திறந்து வைத்திருந்த என் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, மூடு என்றார். அவருக்கு வேறு ஆபீஸ் கிடைக்காதா என்றால் கிடைக்கும். ஆனால் அவருடைய அப்பாவுக்கு வாரம் தவறாமல் திண்டுக்கல்லில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஊரை விட்டுப் போக முடியாத மனிதர். அது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் ஓடியது. லிஸ்ட் அடித்தது. அண்ணன் முதன்முறையாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

லீவு முடிந்த அன்று காலையிலேயே என் பைக்கில் இருவரும் மில்லுக்குப் போய் நின்றோம். விரல் மெஷின் வேலை செய்தது. பெயர்கள் வந்தன. மதியம் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினதும் லிஸ்ட் அடித்தோம். முதல் பஸ் போயிற்று. அடுத்தடுத்த பஸ்களும் போயின. மேனேஜர் லேசாகச் சிரித்தார். நான் ஆரோக்கியம் சாருக்கு மெசேஜ் அனுப்பப் போனை எடுத்தேன். கடைசியாக நின்றது சேவுகம்பட்டி பஸ்.

அந்தப் பஸ்ஸின் படியில் கால் வைத்த அழகம்மாக்காவை டிரைவர் இறக்கிவிட்டார். லிஸ்ட்டில் பேர் இல்லை. அவர் பின்னால் இருந்த அஞ்சாறு பேருக்கும் இல்லை. டிரைவர் ரொம்ப நேரம் லிஸ்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. பிறகு, சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வாரேன் என்று கேன்டீனுக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பெண்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. நூல் சுற்றுகிற பகுதியில் பல வருஷமாக வேலை செய்து செய்து விரல் ரேகை தேய்ந்துபோனவர்கள். மெஷின் அவர்கள் விரலை அடையாளம் கண்டுகொள்ளாது. ஒருவர் சொல்லி ஒருவர் அங்கே வேலைக்கு வந்தவர்கள் என்பதால் எல்லோரும் சேவுகம்பட்டிப் பக்கம். அவர்கள் வந்தால் வாசல் கிளார்க் மல்லிகா அவர்கள் பெயரைக் கையால் டைப் செய்துகொள்வார். அது ஒரு தனி ஃபைலில் போய்ச் சேரும். லிஸ்ட் அடிக்கும்போது புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து, அதில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளும். யாரும் இல்லாத நாளில் அந்த ஃபைலே இருக்காது. அப்படி இல்லாவிட்டால் சத்தம் போடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். அன்று சத்தம் போடாமல் போய்விட்டது.

மல்லிகா, காலையில் எல்லோருடைய பெயரையும் நான்தானே அடித்தேன், ஏற்றுக்கொண்டதே என்றார். மேனேஜருக்கு அடுத்த ஷிப்ட் தலைக்கு மேல். நிற்கிறவர்கள் டவுன் பஸ்ஸில் போகட்டுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார். அங்கேயிருந்து சேவுகம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போவதென்றால் திண்டுக்கல்லில் மாறி வத்தலக்குண்டில் மாறிப் பொழுது போய்விடும். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், அழகம்மாக்கா ஏறாமல் வண்டி போகாது என்று உள்ளேயிருந்தே சொன்னார்கள். இன்னொரு டிரைவரை ஸீட்டில் ஏற்றிவிட்டு, வண்டி போகட்டுங்க, கதவ மூடுங்க என்று மேனேஜர் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் அண்ணன்.

“அது சரி சார், ஆனா தொறந்தது யாரு?”

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டீ குடிக்கப் போன டிரைவர் என்றார். அப்படின்னா அவர்தான் சார் வந்து மூடணும் என்றார் அண்ணன், ரொம்ப மரியாதையாக. “ஏனுங்க, வெளையாடுறீங்களா?” என்றார் மேனேஜர். ஆனால் அண்ணன் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, டிரைவரைக் கூட்டி வர வாட்ச்மேனை அனுப்பினார். கேன்டீன் மில்லுக்கு அந்தக் கோடியில் இருந்தது. அத்தனை வருஷத்தில் அண்ணனுடைய சட்டத்தால் ஒருவருக்கு நன்மை நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் நேராக மல்லிகாவின் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். “ஏம்மா, பேர் அடிக்கிற ஜன்னல எங்கருந்து தொறந்தே?” என்று கேட்டார். புதுக் கம்ப்யூட்டர் வைத்தவர்கள் ஸ்கிரீனில் ஒரு படம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதைத் தட்டினேன் என்றார் மல்லிகா. அந்தப் படம் புரோகிராமை எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தொடங்குகிறது என்று அண்ணன் தேடிப் போனார். அங்கே ஒரு ஃபைல் இருந்தது. அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டி, முக்காற்புள்ளி, சாய்கோடு, கை, சாய்கோடு, பெயர். முழு விலாசமும் அப்படியே ஒரே பெயராக உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். யாரோ டி டிரைவில் கை என்கிற ஃபோல்டரில் எழுது என்று முழு விலாசத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு டி டிரைவ் என்றால் என்னவென்று தெரியாது. இடப்பக்கம் சாய்ந்த கோடு அதற்குச் சாதாரண எழுத்து. சரி, இவ்வளவு நீளமாக ஒரு பெயர் போல என்று, தான் நின்ற இடத்திலேயே அந்தப் பெயரில் ஒரு ஃபைலை உண்டாக்கி, பெண்களின் பெயர்களை ஒழுங்காக எழுதி மூடிவிட்டது. லிஸ்ட் அடிக்கிற புரோகிராம் வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு அதே பெயரைத் தேடியது. அங்கே இல்லை. ஆபீசில் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டினோம், அதனால் அங்கே கண்டுகொண்டது.

“பேரெல்லாம் பத்திரமா இருக்கு. யாரும் எங்கயும் போகல,” என்றார் அண்ணன் மல்லிகாவிடம்.

அதற்குள் மேனேஜர் பின்னாலேயே வந்து, ஆரோக்கியம் சாருக்குப் போன் போட்டு, நின்றபடியே பேசிவிட்டு, அதை என்னிடம் நீட்டினார். சார் என்ன ஏது என்று கேட்கவில்லை. டி டிரைவ் என்று நான் சொன்னது காதில் விழுந்ததும், ஏலே, திருந்தவே மாட்டியாடா, ஒன்னால அந்த மனுசன் வேலையும் போச்சே என்று ஆரம்பித்தார். டி டிரைவ் என்றால் நான்தான் என்று எனக்கே சந்தேகம் இல்லை. அண்ணன் அந்த வரியை ஸ்கிரீனில் வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“சார், இது அவன் எழுதுனது இல்ல. என்னோடது.”

எங்கருந்து அண்ணன் முழு விலாசம் எழுதினார் என்பதை நம்புவதற்கு சாருக்கு நேரம் வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

அண்ணன் போனில் சொன்னார், நாங்கள் எல்லோரும் கேட்டோம். முன்பு ஒருநாள் வேறு வேலையாக மில்லுக்கு வந்திருக்கிறார். அன்றுதான் அழகம்மாக்காவின் விரலை மெஷின் முதன்முறையாக மறுத்தது. சாயங்காலம் லிஸ்ட்டில் அவர் பேர் இல்லை, பஸ்ஸில் ஏற்றவில்லை. டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், அந்தம்மா வாசலில் நின்று விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மெஷினில் வைத்துப் பார்க்கிறார். அண்ணன் மல்லிகா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, குனிந்து நின்றபடியே கையால் பெயர் அடிக்கிற புரோகிராமை எழுதி ஓடவிட்டு, அவரை அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு வரி.

“அன்னிக்கு எங்கருந்துன்னு கேக்க நேரமில்ல சார்,” என்றார்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இது மாதிரி இன்னும் எத்தனை இருக்குங்க என்றார். இது ஒன்றுதான் என்றார் அண்ணன். எப்படிச் சொல்கிறீர்கள்? மற்றதெல்லாம் இவன் எழுதியது, மார்கழி பூராவும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டேன், என்னுடையதை மட்டும்தான் பார்க்கவில்லை என்றார் அண்ணன். மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு திரும்பி, நாளைக்கும் ரெண்டு மணிக்கு வந்து நில்லுங்க, இந்த வாரம் பூராவும் வாங்க, அப்புறமா மத்த வேலையைப் பேசலாங்க என்றார். மற்ற வேலை என்று ஒன்று இருந்தால் மில் போகவில்லை என்றுதான் அர்த்தம். போனில் ஆரோக்கியம் சார் மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது. போனை என்னிடம் தரச் சொல்லி, வரும்போது அந்தாளக் கூட்டிட்டு வந்து சேர் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அண்ணன் அந்த வரியை எடுத்துத் தரகரிடம் கொடுத்தார். செத்த எலியைப் போல எனக்குக் காட்டிவிட்டுத்தான் அழித்தார், அதில் பாரபட்சம் இல்லை. அந்த நீளப் பெயர் ஃபைலிலிருந்து காலைப் பெயர்களை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். லிஸ்ட்டை அடித்தார். மை காயாத காகிதத்தை ஊதிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

டிரைவர் கேன்டீனிலிருந்து வந்து, மாற்று ஆளை இறக்கிவிட்டு ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். லிஸ்ட்டைப் பார்த்துப் பேர் வாசித்தார். கீழே நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அழகம்மாக்கா கடைசி. ஏறும்போது அண்ணனைப் பார்த்து, “என்ன தம்பி, எம் பேரு ஊரச் சுத்திட்டு வந்துருச்சா?” என்று கேட்டார். பக்கத்திலேதாங்க்கா இருந்துச்சு என்றார் அண்ணன்.

வண்டி கிளம்பத் தயார். கதவு திறந்தே கிடந்தது. வாட்ச்மேன் வழியெல்லாம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டி வந்திருப்பார் போல. டிரைவர் ஒரு பெருமூச்சு விட்டு, நான்தானே தொறந்தேன், வாரேன் வாரேன் என்று ஸீட்டிலிருந்து எழுந்தார்.

“நீ உக்காரு அப்பு,” என்றார் எங்கருந்து அண்ணன். கதவைப் பிடித்துத் தள்ளி அவரே மூடினார். கொக்கி விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டி, போகலாம் என்றார்.